போன் ஊர் ஒத்தெல்-தியூ: ஒரு நர்ஸோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது தங்கற ஹோட்டல் ரிவ்யூ இல்ல. நான் ஸ்டேட்டஸ் போட்டதும் சித்தி பொண்ணு ரூம் வாடகை எவ்ளோக்கான்னு கேட்டுட்டா, அதனால சொல்றேன். ஒத்தெல்-தியூன்னா அந்தக் காலத்து பிரெஞ்சுல ஏழைங்களுக்கான ஆஸ்பத்திரி, வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா கடவுளோட வீடு. ஊர் பேரு போன், கையில வெச்சிருக்கற போன் மாதிரியே தான் எழுதணும், வேற வழியில்ல. பிரான்ஸ்ல பர்கண்டி பக்கம், திஜோனுக்குத் தெக்கால இருக்கற சின்ன ஊரு. 1443ல கட்ட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, 1971 வரைக்கும் அங்கயே நோயாளிங்களைப் பாத்திருக்காங்க, இப்போ மியூசியம். 1862லயே அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்னு அறிவிச்சிட்டாங்க.

நான் பாரிஸ்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன், முதியோர் வார்டு, பெரும்பாலும் நைட் டியூட்டி. சொந்த ஊர் பாண்டிச்சேரி. அம்மா மூணு மாசம் என்கூட இருக்க வந்திருந்தாங்க, அவங்களைக் கூட்டிட்டுப் போன கதை தான் இது. கட்டடக் கலை படிச்சவ இல்ல நான். ஆனா ஒரு வார்டுக்குள்ள நுழைஞ்சா எங்க தண்ணி, எங்க காத்து, கட்டில்ல படுத்திருக்கறவங்க கண்ணுக்கு என்ன தெரியும்னு பாக்கற பழக்கம் பதினோரு வருஷமா ஊறிப்போச்சு, அந்தக் கண்ணோட தான் இந்தக் கட்டடத்தையும் பாத்தேன்.

உண்மையில இது என்னோட ரெண்டாவது தடவை. முதல் தடவை ஒரு டூர் பஸ்ல போனேன், கம்பெனி பேரு வேணாம், ஒரே நாள்ல மூணு ஊரு, அதுல இந்த இடத்துக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம்னு சொல்லி இறக்கி விட்டாங்க, டிக்கெட் லைன்லயே அதுல பாதி போச்சு, பெரிய ஹாலைத் தாண்டறதுக்குள்ள டைம் ஆச்சு வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டாங்க. அன்னிக்கு பஸ்ல உக்காந்து அழாத குறை தான். அதனால முதல் அட்வைஸ், டூர் பஸ்ல போகாதீங்க. பாரிஸ்ல இருந்து திஜோன் வரைக்கும் டிஜிவிங்கற அதிவேக ட்ரெயின், அங்கிருந்து லோக்கல் ட்ரெயின் ஏறினா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல போன் ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், பழைய கோட்டைச் சுவருக்குள்ள நுழைஞ்சு கல்லு பதிச்ச தெருவுல நடக்கறதே நல்லா இருக்கும். காலைல திறக்கற நேரத்துக்குப் போயிடுங்க, பத்தரை பதினொண்ணுக்கு மேல பஸ் கூட்டம் வந்துடும்.

தெருவுல நின்னு பாத்தா அம்மாவுக்கு ஒரே ஏமாத்தம். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? சர்ச் கோடவுன் மாதிரி இருக்கேடி"ன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பில்ல, தெருப்பக்கம் ஒரு நீளமான வெறும் கல்சுவர், மேல செங்குத்தா ஏறிப் போற சாம்பல் கலர் ஸ்லேட் கூரை, நடுவுல ஊசி மாதிரி ஒரு கோபுரம், வாசலுக்கு மேல ஒரு சின்ன தாழ்வாரக் கூரை, அவ்ளோ தான். போட்டோவுல எல்லாரும் போடற அந்தக் கலர் கலர் கூரையைத் தேடினா கிடைக்காது. அது உள்ள இருக்கு, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த இடத்துல ரொம்பப் பிடிச்ச விஷயமே அது தான்.

வாசக்கதவுல ஒரு நிமிஷம் நில்லுங்க. கூட்டம் உங்களைத் தள்ளிட்டுப் போகும், போகாதீங்க. கதவைத் தட்டறதுக்கு இரும்புல ஒரு தட்டுவளையம் இருக்கு, பதினஞ்சாம் நூற்றாண்டு வேலை. நல்லா குனிஞ்சு பாத்தா அதுல ஒரு பல்லி மாதிரி பிராணி, சாலமாண்டர்னு சொல்றாங்க, ஒரு ஈயைப் பிடிக்கப் போயிட்டே இருக்கு. ஈ இவ்ளூண்டு. காய்ச்சல்லயும் பசியிலயும் வந்து இந்தக் கதவைத் தட்டப் போறவன் கைக்குக் கீழ ஒரு கொல்லன் உக்காந்து ஒரு ஈயைச் செதுக்கியிருக்கான். அம்மா அதைத் தொட்டுப் பாத்துட்டு, இது நம்ம வீட்டுப் பல்லி மாதிரியே இருக்குன்னு சொல்லி சிரிச்சாங்க, கோடவுன் பேச்சு அதோட நின்னு போச்சு.

இதைக் கட்டினவர் யாருன்னு கொஞ்சம் சொல்லணும். நிகோலா ரோலேன், அப்போ பர்கண்டியைத் தனியா ஆண்டுக்கிட்டிருந்த டியூக் பிலிப்போட சான்சலர், அதாவது டியூக்குக்கு அடுத்த இடத்துல இருந்த மந்திரி. நூறு வருஷப் போர் ஓஞ்சுக்கிட்டிருந்த நேரம், 1435ல பர்கண்டிக்கும் பிரான்சுக்கும் சமாதானம் ஆயிடுச்சு, ஆனா வேலையில்லாமப் போன சிப்பாய்ங்க கும்பல் கும்பலா ஊரைக் கொள்ளை அடிச்சிட்டிருந்தாங்க, தோலுரிக்கறவங்கன்னே அவங்களுக்குப் பேரு. அதோட பஞ்சம், பிளேக். போன் ஊர்ல பாதிப்பேருக்கு மேல கையில ஒண்ணுமில்லாத ஏழைங்க. அப்போ தான் 1443 ஆகஸ்ட் 4ஆம் தேதி ரோலேனும் அவர் சம்சாரம் கிகோன் த சாலேனும் இந்த ஆஸ்பத்திரிக்கு சாசனம் எழுதினாங்க. நிலையில்லாத இந்த உலகத்துச் சொத்தைக் கொடுத்துட்டு நிலையான பரலோகச் சொத்தை வாங்கிக்கறேன்னு அதுல அவரே சொல்றாரு, வியாபாரம் மாதிரி தான் பேசறாரு. எட்டு வருஷத்துக்கு மேல வேலை நடந்து 1451 டிசம்பர் 31 அன்னிக்கு சேப்பலை, அதாவது உள்ளயே இருக்கற சின்ன கோயிலை, அர்ச்சிச்சாங்க, மறுநாளே, 1452 ஜனவரி 1, முதல் நோயாளி உள்ள வந்தாச்சு. ஒரு நாள் கூட சும்மா வெச்சிருக்கல.

உள்ள போனதும் ஏழைங்களோட ஹால். இங்க தான் நான் முக்கால் மணி நேரத்துக்கு மேல இருந்தேன்.

கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரம். ரெண்டு பக்கமும் வரிசையா மரப்பெட்டி மாதிரி கட்டில்ங்க, ஒவ்வொண்ணுக்கும் சிவப்புத் திரை, பக்கத்துல ஒரு நாற்காலி, சின்ன மேஜை, சாப்பிட வெள்ளீயத் தட்டு. ஆரம்பத்துலயே 30 கட்டில்னு சாசனத்துல இருக்கு, ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. நடுவுல அகலமா காலி இடம், அங்க தான் பெஞ்சு போட்டு சாப்பாடு. கட்டில்களுக்குப் பின்னால, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஆள் போற அளவுக்கு சந்து விட்டிருக்காங்க, அந்தப் பக்கமா நோயாளிங்களைப் பாத்துக்கற கன்னியாஸ்திரி சிஸ்டர்ங்க வந்து வேண்டிய வேலையைப் பாத்துட்டுப் போயிடலாம், முன்னால திரை மூடியே இருக்கும். எங்க வார்டுல ஒருத்தருக்கு டயபர் மாத்தணும்னா ஸ்க்ரீனை உருட்டிட்டு வந்து மறைக்கறதுக்குள்ள பக்கத்து பெட்காரர் எல்லாத்தையும் பாத்துடுவாரு. இவங்க இந்த வெக்கத்தை அன்னிக்கே யோசிச்சிருக்காங்களேன்னு நினைச்சேன்.

ஹாலோட கடைசில சேப்பல். நடுவுல சுவர் கிடையாது, மரத்துல செதுக்கின தடுப்பு மட்டும் தான், அதனால எழுந்து நடக்க முடியாதவங்க படுத்த இடத்துலயே பூசையைப் பாத்து கேட்டுக்கலாம். இந்த மாதிரி நீள ஹால் கோடியில சேப்பல் வெக்கற அமைப்பை ரோலேன் புதுசா கண்டுபிடிக்கல, இதே பர்கண்டில தொன்னேர்ங்கற ஊர்ல 1293லயே ஒரு ராணி தொடங்கின ஆஸ்பத்திரி இதை விட நீளமான ஹாலோட இருக்கு. ஆனா தொன்னேர்ல இப்போ ஹால் வெறுமையா கிடக்கும், இங்க கட்டில் கிண்ணம் வரைக்கும் வெச்சு காட்டறதால ஒரு வார்டா எப்படி ஓடியிருக்கும்னு கண்ணு முன்னாடி வருது.

கூரையைப் பாருங்க. எல்லாரும் நின்னுக்கிட்டு கழுத்தை வளைச்சு பாக்கறாங்க, எனக்கு அது சரிப்படல, கட்டில்ல உக்கார விடமாட்டாங்க, அதனால கூட்டம் கொஞ்சம் குறைஞ்ச நேரமாப் பாத்து கயிறு கட்டின ஓரத்துல தரையிலயே உக்காந்து, தலை கட்டில் உயரத்துக்கு வர்ற மாதிரி சாஞ்சு பாத்தேன். அப்போ தான் எல்லாம் மாறிச்சு. மேல மரக்கூரை ஒரு பெரிய வள்ளத்தைக் கவுத்து வெச்ச மாதிரி வளைஞ்சு போகுது, அதுல ஹாலுக்குக் குறுக்கால பெரிய பெரிய உத்திரம். அந்தக் கூரை பாரம் ரெண்டு பக்கச் சுவரையும் வெளிய தள்ளாம இழுத்துப் பிடிக்கறதுக்குத் தான் அந்த உத்திரங்க, சும்மா வெறும் கட்டையா விட்டிருந்தாலும் அதே வேலையைச் செஞ்சிருக்கும். ஆனா ஒவ்வொரு உத்திரத்தோட ரெண்டு நுனியிலயும் ஒரு டிராகன் தலை, பச்சையும் சிவப்புமா பெயின்ட் அடிச்சது, வாயைத் திறந்து உத்திரத்தைக் கவ்விக்கிட்டு இருக்கு. நம்ம கோயில் யாளி ஞாபகம் வந்துச்சு எனக்கு. அதுக்கு நடுவுல நடுவுல சின்னச் சின்ன மனுஷ முகங்க, அந்தக் காலத்து ஊர்ப் பெரிய மனுஷங்களைத் தான் அப்படி செதுக்கினாங்கன்னும் பக்கத்துல இருக்கற மிருகத் தலை அவங்கவங்க கெட்ட குணத்தைக் காட்டுதுன்னும் சொல்றாங்க. நின்னு பாத்தா அது அலங்காரம். படுத்துப் பாத்தா அது துணை. பத்து நாள் படுத்திருந்தா கூட எண்ணி முடிக்க முடியாது, ஒவ்வொண்ணும் ஒரு மூஞ்சி, இன்னிக்கு இவன் முறைக்கறான் நாளைக்கு அவன் சிரிக்கறான்னு பொழுது போயிடும்.

எங்க வார்டு ஃபால்ஸ் சீலிங் வெள்ளை அட்டை, அதுல ஓட்டை ஓட்டையா இருக்கும். ஒரு பாட்டி எங்கிட்ட அந்த ஓட்டைகளை எண்ணிப் பாத்துட்டு ஒரு அட்டைக்கு எத்தனைன்னு கணக்கு சொன்னாங்க. இந்த ஹால்ல உக்காந்திருக்கும்போது அவங்க ஞாபகம் தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. பாரிஸ் திரும்பினதும் முதல் டியூட்டிலயே அவங்க கட்டில் பிரேக்கை எடுத்து ஜன்னல் பக்கமா திருப்பிப் போட்டேன், வெளிய ஒரு பிளேன் மரம் இருக்கு. ஹெட் நர்ஸ் ஆக்சிஜன் ட்யூப் எட்டுமான்னு மட்டும் கேட்டாங்க, எட்டிச்சு.

ஆனா ஒண்ணு, இந்த ஹால்ல பாக்கற எல்லாமே 1452ல போட்டது இல்ல. கட்டில், மேஜை இதெல்லாம் 1870கள்ல மராமத்து பண்ணினப்போ பழைய மாதிரியே புதுசா செஞ்சது, கட்டடக் கலைஞர் ஊராது மேற்பார்வை. இதைக் கேட்டதும் என் பக்கத்துல நின்ன ஒருத்தர் அப்போ டூப்ளிகேட்டான்னு முகத்தைச் சுளிச்சாரு. எனக்கு அப்படித் தோணல. 1875க்கு அப்புறமும் கிட்டத்தட்ட நூறு வருஷம் இது ஓடற ஆஸ்பத்திரி தான், அந்த 'புது' கட்டில்கள்லயும் மனுஷங்க படுத்து எழுந்திருக்காங்க. ஓடிக்கிட்டிருக்கற ஆஸ்பத்திரியில கட்டில் மாத்தாம எப்படி. பாதுகாக்கப்பட்ட சின்னம்னு பேரு வாங்கினதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல உள்ள சிஸ்டர்ங்க பெட்பேன் தூக்கியிருக்காங்க, இந்த மாதிரி எத்தனை மியூசியத்தைப் பத்தி சொல்ல முடியும்.

வெளிய முற்றத்துக்கு வந்தா தான் அந்தக் கூரை. அம்மா வாயைத் திறந்துட்டு நின்னுட்டாங்க. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை, கண்ணாடி மாதிரி மெருகேத்தி சுட்ட ஓடுங்க, பின்னல் பின்னலா டைமண்ட் கோலம், பட்டுப்புடவை பார்டர்ல வர்ற மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு போகுது. கூரையே சுவரை விட உயரம், அதுல முக்கோண முக்கோணமா மாட ஜன்னல்ங்க, ஒவ்வொண்ணு உச்சியிலயும் ஈயத்துல லேஸ் பின்னின மாதிரி வேலைப்பாடு, காத்துக்குத் திரும்பற கொடி. கீழ கல் தூண் வெச்ச தாழ்வாரம், அதுக்கு மேல மரத்துல ஒரு தாழ்வாரம், மழையோ பனியோ சிஸ்டர்ங்க நனையாம ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போகலாம். ஒரு ஓரத்துல இரும்புப் பின்னல் வெச்ச கிணறு. கிணறு, அடுப்பு, மருந்து, வார்டு எல்லாம் இந்த முற்றத்தைச் சுத்தி. சுத்துக்கட்டு வீட்டுல வளந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், உள்ள காலடி வெச்சதும் புரிஞ்சிடும்.

நான் முன்னாடி சொன்னேன்ல பிடிச்ச விஷயம்னு, அது இது தான். இவ்ளோ பணம் போட்டுக் கட்டின மனுஷன் கலர் கூரையைத் தெருப்பக்கம் வெச்சிருக்கலாம், ஊரே பாத்து ரோலேன் புகழ் பாடியிருக்கும். தெருவுக்கு வெறும் சுவரைக் காட்டிட்டு, அழகையெல்லாம் உள்பக்கமா திருப்பி வெச்சிருக்காங்க. வைத்தியம் பாக்க வந்தவங்களும் வைத்தியம் பண்றவங்களும் தான் இதை தினமும் பாத்திருக்காங்க. கொள்ளைக்காரங்க சுத்திட்டிருந்த காலம், தெருவுக்கு எளிமையா காட்டறது புத்திசாலித்தனமும் தான், ரெண்டு காரணமும் இருக்கட்டும். எனக்கு அந்தக் கிணத்தடியில நிக்கும்போது, காய்ச்சல் விட்டு முதல் முதலா எழுந்து நடந்து இந்த முற்றத்துக்கு வந்தவங்க கண்ணு தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

கூரை ஓடும் இப்போ இருக்கறது 1902ல இருந்து 1907க்குள்ள சோவாஜோங்கறவர் பொறுப்புல மாத்தினது. பழைய கோலம் எப்படி இருந்துச்சுன்னு சரியான பதிவு இல்லாததால பர்கண்டில மத்த இடத்துல இருக்கற மெருகு ஓட்டுக் கோலங்களைப் பாத்து வரைஞ்சிருக்காங்க. ஓடுன்னா உடையும், மாத்தணும், நம்ம ஊர் ஓட்டுவீட்டுல வருஷா வருஷம் ஓடு மாத்தறவங்களுக்கு இது புரியும். சட்டமும் தச்சு வேலையும் பழசு.

முற்றத்துக்கு அப்புறம் சின்னச் சின்ன ரூம்ங்க. எல்லாத்தையும் சொல்லல. சேன்ட் ஹ்யூக் ரூம் 1645ல கொஞ்சம் வசதியானவங்களுக்குன்னு திறந்தது, சுவர் முழுக்க பெயின்டிங், எனக்கு பெருசா ஒட்டல. சேன்ட் நிகோலா ரூம், சாகற நிலைமையில இருந்தவங்களுக்கானது, அதைக் கண்டிப்பா பாருங்க. 1658ல பதினாலாம் லூயி ராஜா இங்க வந்தப்போ ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒரே ரூம்ல கிடந்ததைப் பாத்து சங்கடப்பட்டு, தனித்தனியா வெக்க மானியம் கொடுத்துட்டுப் போயிருக்காரு. அந்த ரூம் நடுவுல தரையில ஒரு கண்ணாடி பதிச்சிருக்காங்க, குனிஞ்சு பாத்தா கீழ தண்ணி ஓடுது. பூஸேஸ்ங்கற ஆறு. கட்டடத்தையே ஆத்து மேல தூக்கிக் கட்டி, கழிவெல்லாம் நேரா தண்ணியில போற மாதிரி வெச்சிருக்காங்க. ஆத்துக்கு நல்லதான்னு கேட்டா இல்ல தான், கீழ்ப்பக்கம் குடியிருந்தவங்க பாடு என்னன்னு யோசிச்சேன், ஆனா வார்டுல நாத்தம் நிக்கக்கூடாதுங்கறதை வரைபடத்துலயே தீத்து வெச்சிருக்காங்க.

சமையக்கட்டு அம்மாவோட இடம். பெரிய கோத்திக் அடுப்பு, ரெண்டு நெருப்பு, இறைச்சி சுடற கம்பியைத் தானா சுத்தற ஒரு மிஷின், 1698ல செஞ்சது, கடிகாரம் மாதிரி பல்சக்கரம் வெச்சது. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன பொம்மை ஆளு கைப்பிடியைச் சுத்தற மாதிரி நிக்கறாரு, பேரு மெசிர் பெர்த்ரான். வெந்நீர் வர்ற குழாய் அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். இத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டவங்க கை எப்படி காச்சிருக்கும்னு சொல்லிட்டு அம்மா அடுப்பையே பாத்துட்டு நின்னாங்க.

அடுத்து மருந்துக்கடை. இது தான் எங்க ரெண்டு பேருக்கும் மறக்க முடியாதது. உள்ள நுழைஞ்சா பாண்டிச்சேரி நாட்டு மருந்துக்கடை தான், வாசனை மட்டும் இல்ல. சுவர் முழுக்க அலமாரி, அதுல வெள்ளைப் பீங்கான் ஜாடிங்க, கண்ணாடி ஜாடிங்க, ஒவ்வொண்ணு மேலயும் பேரு எழுதியிருக்கு, முன்னால பெரிய வெண்கல உரல். நான் பேரைப் படிச்சு படிச்சு அம்மாவுக்கு சொல்லிட்டே வந்தேன். கிரேஃபிஷ்ங்கற ஆத்து இறாலோட கண்ணுன்னு ஒண்ணு, பேரு தான் கண்ணு, உண்மையில அதோட வயித்துல உருவாகற சுண்ணாம்புக் கல்லு, நெஞ்செரிச்சலுக்குக் கொடுப்பாங்களாம். கல்லுக்கடியில சுருண்டு கிடக்கற ஒரு பூச்சியைப் பொடி பண்ணி ஒரு ஜாடி. அப்புறம் நுவா வோமிக். அது என்னடின்னாங்க. எட்டிக்கொட்டைம்மான்னேன்.

அம்மா அப்படியே நின்னுட்டாங்க. எட்டி மரம் இந்தப் பக்கமெல்லாம் வளராது, அது நம்ம நாட்டு மரம், நம்ம பக்கத்துல இருந்து கப்பல் ஏறி இவ்ளோ தூரம் பர்கண்டிக்கு வந்து இந்த ஜாடிக்குள்ள உக்காந்திருக்கு. கடும் விஷம், சித்த வைத்தியத்துல சுத்தி பண்ணாம தொடக்கூட மாட்டாங்க. அம்மா ஜாடியைப் பாத்துட்டே, "எட்டி பழுத்தா என்ன, ஈயாதார் வாழ்ந்தா என்ன"ன்னு மெதுவா சொன்னாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, இதைக் கட்டின மனுஷன் ஈஞ்சவரு தானேன்னு கேட்டாங்க.

எனக்கு உடனே பதில் வரல. ஏன்னா ரோலேனைப் பத்தி அந்தக் காலத்துலயே ரெண்டு பேச்சு இருந்திருக்கு. டியூக்குக்கு வரி வசூல் பண்ணிக் கொடுத்து தானும் கோடீஸ்வரர் ஆனவரு. இத்தனை ஏழைங்களை உண்டாக்கினவரு அவங்க தங்கறதுக்கு ஒரு இடமும் கட்டறது நியாயம் தானேன்னு பதினோராம் லூயி ராஜா சொன்னதா ஒரு கதை உண்டு. அம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, எடுத்தவங்க எல்லாரும் திருப்பிக் கொடுக்கறாங்களா, இவரு ஐநூறு வருஷத்துக்குக் கொடுத்திருக்காரேன்னாங்க. அதுவும் சரி தான். சும்மா கட்டிட்டுப் போகல அவரு, ஓடறதுக்கு வருமானமும் எழுதி வெச்சாரு. பின்னால வந்தவங்களும் கொடுத்தாங்க, 1457ல ஒரு அம்மா திராட்சைத் தோட்டம் எழுதி வெச்சாங்க, அப்படியே சேந்து சேந்து இப்போ 60 ஹெக்டேர் பக்கம் தோட்டம் இருக்கு. 1859ல இருந்து அந்த ஒயினை ஏலம் விடறாங்க, நவம்பர் மூணாவது ஞாயிறு. அந்தக் காசு இன்னிக்கும் ஊர்ல இருக்கற புது ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கட்டடப் பராமரிப்புக்கும் தான் போகுது. டிரஸ்ட்டு வெச்சு நடத்தறவங்க இதைப் படிக்கணும்.

கிகோன் அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை. தரை ஓட்டுலயும் சுவர்த் திரையிலயும் என், ஜி ரெண்டு எழுத்து பின்னியிருக்கும், நிகோலா கிகோன். பக்கத்துல 'ஸல்' அப்படின்னு ஒரு வார்த்தை, அதுக்கப்புறம் எழுத்து இல்ல, ஒரு நட்சத்திரம் படம். ஒரே நட்சத்திரம், நீ மட்டும் தான் என் நட்சத்திரம்னு அர்த்தம். அவர் 1462ல இறந்துட்டாரு, அவங்க 1470 வரைக்கும் இருந்தாங்க, இங்க சேப்பல்லயே அடக்கம் பண்ணியிருக்காங்க. காலுக்குக் கீழ இருக்கற தரை ஓடுங்களை யாரும் பாக்கறதே இல்ல, நீங்க பாருங்க.

கடைசியா ஒரு இருட்டு ரூம்ல ரோகியர் வான் டெர் வைடன்ங்கற அந்தக் காலத்து ஓவியர் வரைஞ்ச கடைசித் தீர்ப்பு ஓவியம். ரோலேன் இந்த ஆஸ்பத்திரிக்குன்னே சொல்லி வரைய வெச்சது. முதல்ல இது சேப்பல் பீடத்துக்கு மேல இருந்துச்சு, மடிக்கற கதவு வெச்சது, மத்த நாள்ல மூடி இருக்கும், ஞாயித்துக்கிழமையும் திருநாளும் திறப்பாங்க. மூடியிருக்கறப்போ தெரியற பக்கத்துல செபஸ்தியாரும் வனத்து அந்தோணியாரும் கல்சிலை மாதிரி சாம்பல் கலர்ல இருப்பாங்க, பிளேக்குக்கும் தோல் எரியற நோய்க்கும் வேண்டிக்கற புனிதர்ங்க, ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சு தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. திறந்த பக்கத்துல நடுவுல மிக்கேல் தூதர் தராசு பிடிச்சு நிக்கறாரு. ஒரு தட்டுல புண்ணியம், ஒரு தட்டுல பாவம், பாவத் தட்டு தான் கீழ இறங்கியிருக்கு. நரகத்துப் பக்கம் பேய் பிசாசு ஒண்ணு கூட இல்ல, மனுஷங்க தானா ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போறாங்க. பெரிய பூதக்கண்ணாடி ஒண்ணு படத்துக்கு முன்னால நகருது, அதுல கண்ணீர்த்துளி வரைக்கும் தெரியும்.

இதுல எனக்கு ஒரு குறை. அது குறைன்னு சொல்றதா வருத்தம்னு சொல்றதான்னு தெரியல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல காட்டணும்னு பலகையை முன்பக்கம் தனி பின்பக்கம் தனின்னு தடிமன்ல ரெண்டா அறுத்துப் பிரிச்சிட்டாங்க, இனி அது திறந்து மூடாது. படமும் பீடத்துல இல்ல, இந்த ரூம்ல தான். ஈரம், வெளிச்சம், திருட்டு எல்லாம் யோசிச்சா இது தான் பாதுகாப்பு, ஒத்துக்கறேன். ஆனா வாரம் பூரா மூடியிருந்த கதவு ஞாயித்துக்கிழமை திறக்கறப்போ முப்பது கட்டில்ல இருந்து அத்தனை பேரும் அந்தக் கலரைப் பாத்தது, அந்த விஷயம் போயிடுச்சு. சேப்பல்ல ஒரு நல்ல பிரதி, திறந்து மூடற மாதிரி, வெச்சா ரொம்ப நல்லா இருக்கும்.

மத்தபடி ரேட்டிங் கேட்டா கட்டடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஆடியோ கைடு விளக்கம் தெளிவா இருக்கு, தமிழ் கிடையாது, அம்மாவுக்கு நான் தான் பக்கத்துல நின்னு சொல்லிட்டே வந்தேன், பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. ஒன்றரை மணி நேரம் போதும்னு சொல்வாங்க, ரெண்டரை வெச்சுக்கோங்க. முற்றத்துல கல்லு பதிச்ச தரை, முட்டி வலி இருக்கறவங்க நல்ல ஷூ போட்டுட்டு வாங்க. குளிர்காலத்துல நேரம் மாறும், டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை பாத்துக்கோங்க. நவம்பர் ஏல வாரத்துல ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் விலை தாங்காது.

நாங்க கிளம்பறப்போ லேசா தூறல். அம்மா திரும்ப முற்றத்துக்குப் போய் தாழ்வாரத்துல நின்னுட்டாங்க, ஓடு நனைஞ்சதும் மஞ்சளும் பச்சையும் இன்னும் கூடிப் போச்சு, ட்ரெயினுக்கு நேரமாச்சும்மான்னா, அடுத்த ட்ரெயின்ல போலாம்டின்னாங்க. அடுத்த ட்ரெயின்ல தான் போனோம்.